நியூட்டன் வம்சப் பட்டயம்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

பார்சலைப் பிரித்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "என்னங்க இது, கரண்டுக் கம்பத்துல மாட்டுற தகடா?"

அவள் மேல் தப்பில்லை. கறுப்பு நிறக் கேடயம். அதில் குறுக்கும் மறுக்குமாக வெள்ளி நிறத்தில் இரண்டு எலும்புகள். மண்டை ஓடு ஒன்றுதான் குறை. கீழே '440 வோல்ட், அபாயம்' என்று இருந்தால் என் கடை இருக்கும் மண்டபம் ஊர் டிரான்ஸ்பார்மரில் கட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அங்கே தங்க எழுத்தில், சுருள் சுருளாக, என் பெயர் இருந்தது. நியூட்டன்.

என் அறுபத்து நான்காவது பிறந்தநாளுக்கு மகன் அனுப்பிய பரிசு இது. அவன் இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். (ஊர்தான் முதலில். அமெரிக்க ஜனாதிபதியின் குடும்பப் பெயர் அந்த ஊரிலிருந்து போனது.) குடும்பப் பெயரின் வரலாற்றை எழுதி, சின்னம் அச்சிட்டு, சட்டம் போட்டு விற்கும் கம்பெனிகள் அங்கே உண்டு. இணையத்தில் பெயரைத் தட்டிப் பணம் கட்டினால் போதும், வம்சம் வீடு தேடி வரும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒருவரை மட்டும் மாட்டிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

பின் எதற்கு எழுதுகிறேன் என்றால், நம் கரையோரத்துப் பிள்ளைகளில் வில்சன், நெல்சன், ஸ்டான்லி, ஜாக்சன் என்று பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் உள்ளவர்கள் ஏராளம். வெளிநாடு போனதும் இந்த விளம்பரம் அவர்கள் கண்ணில் படும். அப்பாவுக்கு வாங்கி அனுப்பலாமே என்று கையும் துறுதுறுக்கும். அதற்கு முன் இதைப் படித்துவிடட்டும்.

முதலில் சரக்கைப் பற்றி. மொத்தம் மூன்று உருப்படி: ஒன்றரை அடி உயரத்தில் சட்டம் போட்ட சின்னம், 24 பக்கப் புத்தகம், மடித்து வைத்த வரைபடம் ஒன்று. அனுப்பும் செலவோடு 113 பவுண்டு. நம் பணத்துக்கு 12,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு எங்கள் கடையில் நல்ல நைலான் கயிறு எத்தனை கட்டு வாங்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. மகனிடம் சொல்லவில்லை.

பேக்கிங் அருமை, குறை சொல்லவே முடியாது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போட்டிருந்ததால் கடல் தாண்டி வந்தும் கீறல்கூட இல்லை. கூரியர்காரர்தான் ராமநாதபுரத்திலிருந்து போன் செய்து, தங்கச்சிமடம் வரை வண்டி வராது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். லிங்கனிலிருந்து ராமநாதபுரம் வரை வந்த வம்சத்துக்குப் பாம்பன் பாலம் தாண்ட முடியவில்லை. நானே பஸ் ஏறிப் போய், மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சட்டம் மரம் என்று போட்டிருந்தார்கள். மரம் இல்லை, அமுக்கிய மரத்தூள். வாடைக்காற்று வீசிய ஒரே மாதத்தில் கீழ் மூலை உப்பிவிட்டது. பின்னால் இருந்த கொக்கி அதற்கும் முன்பே துருப்பிடித்தது. உப்புக்காற்று வீசும் ஊரில் இருப்பவர்கள் வந்த அன்றே கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு எவர்சில்வர் கொக்கி போடுங்கள். என் கடையிலேயே கிடைக்கிறது. இது விளம்பரம்தான், மறைக்கவில்லை.

சரி, எலும்புக்கு வருவோம்.

அந்த எலும்புகள் கம்பெனிக்காரர்கள் கற்பனையாகப் போட்டவை இல்லை. ஐசக் நியூட்டன் நிஜமாகவே பயன்படுத்திய சின்னம் அது: கறுப்புப் பின்னணியில் குறுக்காக வைத்த இரண்டு கணைக்கால் எலும்புகள். 1705-இல் ராணி ஆன் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். அந்தச் சமயத்தில் அவர் தன் வம்சாவளியை எழுதிச் சின்னங்களுக்கான அலுவலகத்தில் பதிவு செய்தார். 1484-இல் தொடங்கிய அந்த அலுவலகம் லண்டனில் இன்றும் நடக்கிறது. அங்கே விதி என்னவென்றால், சின்னம் ஓர் ஆளுக்குத்தான் சொந்தம். அவருக்குப் பிறகு அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு. ஒரே பெயர் கொண்ட எல்லாருக்கும் பொதுச் சின்னம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ராமநாதபுரம் சேதுபதி என்ற பெயரை ஒருவர் தன் பையனுக்கு வைத்தால் அரண்மனையில் பங்கு கேட்க முடியுமா? அந்த மாதிரிதான்.

இதில் வேடிக்கை, ஐசக் நியூட்டன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். பிள்ளை குட்டி கிடையாது. 1727-இல் அவர் இறந்தபோது அவருடைய நேர்வாரிசு என்று ஒருவரும் இல்லை. வாரிசு இல்லாத மனிதரின் சின்னத்தை எடுத்து 'உங்கள் குடும்பத்தின் பெருமைமிகு அடையாளம்' என்று போட்டு 113 பவுண்டுக்கு விற்கிறார்கள். பட்டயத்தின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படிக்க எனக்கு மூக்குக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் தேவைப்பட்டது.

வேறு நியூட்டன்களும் இருந்திருக்கிறார்கள். குளூஸ்டர்ஷயரில் பார்ஸ் கோர்ட் என்ற இடத்து நியூட்டன் குடும்பத்தின் சின்னத்தில் மூன்று கோதுமைக் கட்டுகள். அந்தக் குடும்பமே முதலில் நியூட்டன் இல்லை, கிராடாக் என்ற வேல்ஸ் குடும்பம். 15-ஆம் நூற்றாண்டில் அவர்களில் ஒருவர் நியூட்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு தலைமை நீதிபதி வரை போயிருக்கிறார். அந்தக் கோதுமைக் கட்டையாவது அனுப்பியிருந்தால் என் மனைவி கூடத்தில் மாட்ட ஒத்துக்கொண்டிருப்பாள்.

புத்தகம் அவ்வளவு மோசமில்லை. முதல் பக்கத்தை ஒட்டிவிட்டுப் படித்தால் நல்ல புத்தகம் என்றே சொல்வேன். முதல் பக்கத்தில் 'தொன்மையான ஒரே குடும்பம்' என்று அளந்திருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து எழுதியவர் வேறு ஆள் போல. விஷயம் தெரிந்தவர்.

பழைய ஆங்கிலத்தில் 'நீவே' என்றால் புதியது, 'டூன்' என்றால் வேலியிட்ட பண்ணை, குடியிருப்பு. இன்றைய டவுன் என்ற சொல் அந்த டூனிலிருந்து வந்ததுதான். ஆக நியூட்டன் என்றால் புதிய குடியிருப்பு. நம் பாஷையில் புதூர். அறுபத்து நான்கு வருஷமாக விஞ்ஞானியின் பெயரைச் சுமக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், கடைசியில் என் பெயர் புதூர்! இதே டூன் கணக்கில் நார்ட்டன் வடக்கூர், சட்டன் தெற்கூர், வெஸ்டன் மேற்கூர், அப்டன் மேட்டூர். ஆங்கிலேயரின் பெரிய பெரிய பெயர்களெல்லாம் நம் பஸ் ஸ்டாண்டு பலகை மாதிரி இருக்கின்றன. கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. தோண்டிய இடமெல்லாம் உப்பு வரும் எங்கள் கரையில் அந்தப் பெயரை ஏன் யாரும் அதிகம் வைக்கவில்லை என்று தெரியவில்லை.

இந்தப் பக்கத்தைக் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது புதுமடத்திலிருந்து ஒரு பாய் இன்ஜினுக்கு கேஸ்கெட் வாங்க வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க நம்ம ஊர்க்காரர்தானாண்ணே? இத்தனை நாளா சொல்லவே இல்லையே" என்றார். கேஸ்கெட்டில் பத்து ரூபாய் குறைக்கவும் சொன்னார், சொந்த ஊர்க்காரர் என்ற முறையில்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 1086-இல் மன்னர் வில்லியம் நாட்டிலுள்ள நிலத்தையெல்லாம் கணக்கெடுக்க வைத்தபோதே அந்தப் பதிவேட்டில் நியூட்டன் என்ற பெயரில் பல ஊர்கள் இருந்தன. இன்றும் இங்கிலாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு நியூட்டன். 900 வருஷம் தாண்டியும் அவை புதிய ஊர்கள்தான். நம்மூர்ப் புதூர்களும் அப்படித்தானே, எந்தப் புதூராவது பழையூர் ஆகியிருக்கிறதா?

ஊருக்குள் இருப்பவனை ஊர்ப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். தொண்டியில் இருப்பவர் தொண்டியார் ஆக மாட்டார். அவர் ராமநாதபுரத்தில் வந்து கடை போட்டால்தான் 'தொண்டியார் கடை'. அங்கேயும் அதே கதை. ஏதோ ஒரு நியூட்டனை விட்டு வெளியேறிப் பக்கத்து ஊரில் குடியேறியவனைத்தான் 'நியூட்டன்காரன்' என்று கூப்பிட்டார்கள். இப்படி நூறு புதூர்களிலிருந்து நூறு பேர் வெளியேறினால் நூறு நியூட்டன் குடும்பம். அவர்களுக்குள் ரத்த சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்படியானால் முதல் பக்கத்தில் 'ஒரே குடும்பம்' என்று எழுதியது எந்தக் கணக்கில்?

வரைபடம் அந்தப் பொய்யை இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து நியூட்டன்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்று புள்ளி வைத்திருக்கிறார்கள். அபூர்வமான பெயர் என்றால் புள்ளிகள் ஒரே மூலையில் குவிந்திருக்கும். அந்தப் பெயர் பிறந்த இடம் அது என்று ஊகிக்கலாம். இதில் புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி நாடு முழுக்க. கம்பெனிக்காரர்கள் தங்கள் வரைபடத்தைத் தாங்களே ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் வரைபடம் அழகு, ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த உருப்படி இதுதான். கடைச் சுவரில் கடல் ஏற்ற இறக்க அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

குடும்பப் பெயர்கள் எப்படி முளைத்தன என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் தெரு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்களுக்கு ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே திரும்பத் திரும்ப வருமாம். எங்கள் தெருவில் அந்தோணி. ஐந்து அந்தோணிகள் இருக்கிறார்கள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஐஸ் அந்தோணி. சிவந்த நிறம் என்பதால் வெள்ளை அந்தோணி. குள்ளமாக இருப்பவர் கட்டை அந்தோணி. மணல்மேட்டில் வீடு கட்டியவர் மேட்டு அந்தோணி. கடைசியாக, சந்தியா மகன் அந்தோணி. இங்கிலாந்தின் குடும்பப் பெயர்களும் இவ்வளவுதான். தொழிலால் வந்தது ஸ்மித், பேக்கர், டெய்லர். நிறத்தால் வொயிட், பிரவுன். உருவத்தால் ஷார்ட். இடத்தால் ஹில், உட், எங்கள் நியூட்டன். அப்பா பெயரால் வில்சன், ஜான்சன்.

ஐஸ் அந்தோணியின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஐஸ் கட்டியைத் தொட்டதில்லை. ஊருக்கு வந்தால் அவனும் 'ஐஸ் வீட்டுப் பையன்'தான். அங்கேயும் அப்படித்தான் பட்டப்பெயர் பிள்ளைக்கு ஒட்டியது. என்ன, அங்கே வரி வாங்க வந்தவன் அதை எழுதி வைத்துவிட்டான். 1377, 1379, 1381 என்று அடுத்தடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். எந்த ஜான் கட்டினான், எந்த ஜான் கட்டவில்லை என்று தெரிய வேண்டுமே. 1381 வரிக்குக் குடியானவர்கள் கலகமே செய்தார்கள். வரி போனது, பெயர் நின்றுவிட்டது. 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது. 1538-லிருந்து ஒவ்வொரு கோயில் பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவு. கோல்ஸ்டர்வொர்த் பங்கில் ஐசக் நியூட்டன் 1643 ஜனவரி 1 அன்று ஞானஸ்நானம் பெற்ற பதிவு அப்படி இருக்கிறது. அவர் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அப்பா இறந்துவிட்டார். அந்த அப்பாவின் பெயரும் ஐசக் நியூட்டன்.

அந்தப் பதிவைப் பற்றிப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. நான் 1961-இல் தனுஷ்கோடியில் பிறந்தவன். அப்பா அங்கே ஆசிரியர். ஞானஸ்நானமும் அங்கேதான். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தபோது நாங்கள் கிறிஸ்துமஸுக்காக ஓரியூர் பக்கத்தில் இருக்கும் அம்மா ஊருக்கு முன்னதாகவே போய்விட்டிருந்தோம். அதனால் பிழைத்தோம். ஊர் பிழைக்கவில்லை. வீடு, பள்ளிக்கூடம், ரயில், கோயில் எல்லாவற்றையும் கடல் எடுத்துக்கொண்டது. என் ஞானஸ்நானப் பதிவும் அதோடு போயிற்று என்று அப்பா சொல்வார். 380 வருஷத்துக்கு முந்திய நியூட்டனுக்குக் காகிதம் இருக்கிறது, 64 வருஷத்து நியூட்டனுக்கு இல்லை.

பிறகு தங்கச்சிமடத்தில் குடியேறி, என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா பெயரை வாயால் சொல்லியிருக்கிறார். எழுதியவர் நியூட்டனைக் கேள்விப்படாதவர். 'நூதன்' என்று எழுதிவிட்டார். எட்டாம் வகுப்பு வரை நான் சூ. நூதன். அறிவியல் ஆசிரியரின் பிள்ளைக்கு இந்தக் கதி. அப்பா நடையாக நடந்து திருத்தினார். நூதனம் என்றாலும் புதியதுதான், நியூட்டன் என்றாலும் புதியதுதான் என்று இப்போதுதானே தெரிகிறது. அந்தக் குமாஸ்தா பாதி சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஊரை மட்டும் விட்டுவிட்டார்.

அப்பா பெயர் சூசை. அவருக்கு விஞ்ஞானிகள் மேல் பைத்தியம். தம்பிக்கு டார்வின் என்று வைக்கப் போனபோது சாமியார் முகத்தைச் சுளித்தாராம். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொன்னவர் பெயரை ஞானஸ்நானத் தொட்டியில் சொல்ல முடியாது என்று. கடைசியில் சவேரியார் டார்வின் என்று சமரசம் ஆனது. புத்தகத்தின் கடைசியில் இருந்த பட்டியலில் டார்வினையும் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் 'அன்பு நண்பன்' என்று அர்த்தமாம். இதைச் சொல்லியிருந்தால் சாமியார் ஒத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ.

எங்கள் கரையில் வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர்கள் வந்து சேர்ந்த வழியே தனி. பரதவ மக்கள் 1530-களில் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது பெர்னாண்டோ, கோமஸ், பெரைரா என்று பெயர்களையும் பெற்றார்கள். அவர்கள் அதைக் குடும்பப் பெயராகவே வைத்திருக்கிறார்கள், இன்றுவரை தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஆனால் மகான்களின் குடும்பப் பெயரை நாம் எடுத்துப் பிள்ளைக்குச் சொந்தப் பெயராக்கிவிட்டோம். ஓரியூரில் 1693-இல் தலை வெட்டுப்பட்ட அருளானந்தரின் குடும்பப் பெயர் பிரிட்டோ. எங்கள் அம்மா ஊரில் வீட்டுக்கு ஒரு பிரிட்டோ. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவரின் பெயர் பிரான்சிஸ். சேவியர் என்பது ஸ்பெயினில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் 'எச்சே பெர்ரி', புது வீடு என்று அர்த்தம். என் பால்ய சிநேகிதன் பெயர் சேவியர். மண்டபத்தில் ஐம்பது வருஷமாகப் புதூரும் புதுவீடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இந்த வழியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. 'உலகமெங்கும் நியூட்டன்கள்' என்ற அத்தியாயம் கப்பல் படத்தோடு ஆறு பக்கம் ஓடுகிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா என்று குடியேறியவர்கள் கதை. பார்பேடோஸ் தீவில் 17-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் நியூட்டன் என்பவர் கரும்புத் தோட்டம் போட்டார் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். அதோடு நிறுத்திவிட்டார்கள். அந்த நியூட்டன் தோட்டத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளைப் புதைத்த இடம் இருக்கிறது. சுமார் 570 பேர். ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்த புகழ்பெற்ற இடம் அது. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர். பிற்பாடு பாதிரியாராகி, 1788-இல் அந்த வியாபாரத்துக்கு எதிராகவே எழுதினார். பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கப்பலைப் பற்றி எழுதவில்லை. அமெரிக்காவில் 1966-இல் கறுஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஹூயி நியூட்டன். அவர் பெயர் எங்கேயும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை அடிமைக் காலத்தில் ஒட்டியவை. அதை எழுதினால் சட்டம் போட்டு விற்க முடியாது போல. ஒரு நட்சத்திரத்தை நான் இங்கேதான் குறைத்தேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு வேறு. இது கம்பெனியின் தப்பா, நம் பாஸ்போர்ட்டின் தப்பா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் பெயர் சூ. நியூட்டன். சூசை மகன் நியூட்டன். நம் வழக்கப்படி அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், என்னோடு முடிந்துவிடும். மகனுக்கு அருள் என்று வைத்தேன். அவன் நி. அருள். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்ததால் என் பெயரை அதில் போட்டான். அருள் நியூட்டன் ஆனான். லிங்கனில் அவனுக்கு மகன் பிறந்ததும் அங்கத்திய வழக்கப்படி அவனும் நியூட்டன். ஆக, எங்கள் நியூட்டன் குடும்பம் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு வரவில்லை. அதன் மூலபுருஷன் தனுஷ்கோடியில் பிறந்து, மண்டபத்தில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான்.

இதை நான் கம்பெனிக்கு எழுதினேன். பேரனின் ஆங்கிலத்தில், என் விஷயத்தில். மூன்று நாளில் பதில் வந்தது, அதில் குறையில்லை. 'உங்கள் நியூட்டன் பாரம்பரியத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி' என்று ஆரம்பித்து, அடுத்த முறை வாங்கினால் 15 சதவீதம் தள்ளுபடி என்று முடிந்தது. இதே எலும்பு போட்ட காபிக் கோப்பையும் இருக்கிறதாம். நான் சூசை என்ற குடும்பப் பெயருக்கு வரலாறு இருக்கிறதா என்று கேட்டு மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

பேரனுக்கு மட்டும் பட்டயம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவனுக்கு ஒன்பது வயது. போன கோடையில் அவர்கள் வீட்டிலிருந்து காரில் உல்ஸ்தோர்ப் போனார்கள். ஐசக் நியூட்டன் பிறந்த வீடு, ஆப்பிள் மரம் எல்லாம் அங்கே இருக்கிறது. வாசலில் பெயரைப் பார்த்த அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே, "சொந்தக்காரரா?" என்று கேட்டிருக்கிறார். இவன் யோசிக்கவே இல்லை. "எங்க தாத்தா" என்றானாம். மரத்தடியில் நின்று எடுத்த போட்டோவை மகன் அனுப்பினான். அதைப் பார்த்த என் மனைவி, இந்தப் போட்டோவைச் சட்டம் போட்டால் கூடத்தில் மாட்டலாம் என்றாள். ராமநாதபுரத்தில் 350 ரூபாயில் நல்ல தேக்குச் சட்டமாகவே போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து.

எலும்புப் பட்டயம் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. கடன் கேட்க வருபவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அந்த வகையில் பயன் உண்டு.

வாங்கலாமா என்று கேட்டால், வரைபடம் மட்டும் தனியாக விற்றால் வாங்குங்கள். பெயரின் அர்த்தம் தெரிய வேண்டும் என்றால் நூலகத்தில் நல்ல பெயரகராதி இருக்கும், காசு வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கொக்கியை மாற்றுங்கள்.

புத்தகத்தின் கடைசித் தாளில் வம்ச மரம் ஒன்று, காலிக் கட்டங்களோடு, எட்டுத் தலைமுறைக்கு. உச்சியில் ஒரே ஒரு கட்டம், மூதாதைக்கு. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பென்சிலால் அதில் எழுதினேன்: நியூட்டன், தனுஷ்கோடி, 1961. கீழே அருள். அதற்குக் கீழே பேரன். மிச்சக் கட்டங்கள் காலி. எனக்கு மேலே அப்பாவை எழுதக் கட்டம் இல்லை. தாளின் மேல் ஓரத்தில், அச்சுக்கு வெளியே, கொஞ்சம் இடம் இருந்தது. சூசை, ஆசிரியர், பெயர் வைத்தவர் என்று எழுதினேன். அதை மட்டும் பேனாவில்.